ஆர்.வி.யில் வாஷிங்டன்: வண்டி ஓரமாக நிற்கட்டும், ஊரை ரயிலில் பார்க்கலாம்

பிள்ளைகளோடு ஒரு பெரிய நகரத்தைப் பார்க்க ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொள்ளும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு போகலாமா என்று நண்பர்கள் கேட்டால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிடுங்கள். வீடு திரும்பும் நாள்வரை அதை அசைக்காதீர்கள். நகரத்துக்குள் போக ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. மத்தியானம் பிள்ளைகள் சோர்ந்து சிணுங்கத் தொடங்கும்போது, திரும்பி வர நம்முடைய சமையல்கட்டும் கட்டிலும் கழிப்பறையும் காத்திருக்கின்றன பாருங்கள், ஆர்.வி. எடுப்பது அதற்காகத்தான்.

போன கோடையில் நியூ ஜெர்ஸி எடிசனிலிருந்து வாஷிங்டன் போய் வந்தோம். கணவர், நான், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் அம்மா. அம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. வெளிச்சாப்பாடு ஒருவேளைக்கு மேல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஓட்டலில் இரண்டு அறை போட்டால் அம்மா ஓர் அறையில் தனியாகக் கிடக்க வேண்டும். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், காலையில் நாலு இட்லி கிடைக்க வேண்டும் என்ற யோசனையில்தான் ஆர்.வி. பக்கம் போனோம்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செலவு மிச்சமாகும் என்று நினைத்து எடுக்க வேண்டாம். நாள் வாடகை தனி. குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம். ஜெனரேட்டர் ஓட்டினால் மணிக்கணக்கில் இன்னொன்று. வண்டியை நிறுத்தித் தங்கும் காம்ப்கிரவுண்டுக்கு வாடகை வேறு. இந்த அளவு வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு ஓட்டல் அறைக்கு ஆகிற செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது சொந்த அடுப்பும், பிள்ளைகளுக்கு ஒரு முற்றமும், பெரியவர்களுக்கு நினைத்த நேரத்தில் சாய்ந்துகொள்ள ஓர் இடமும். எங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தி வந்தது. பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாகி, கூடப் பெரியவர்கள் யாரும் வராத குடும்பம் என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலே போதும்.

நாங்கள் எடுத்தது கிளாஸ் சி வகை, 25 அடி நீளம். டிரைவர் இருக்கைக்கு மேலே மேடை போல ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். சாதாரணக் கார் லைசென்ஸே போதும். ஓட்டும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஐந்தாறு அடி வண்டி நீண்டிருக்கிறது. வலப்புறம் ஒடித்தால் அந்தப் பின்பகுதி இடப்புறமாக வீசும். பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பும்போது ஓர் ஆள் கீழே இறங்கி நின்று பார்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டிவிடுங்கள். மேலே இருக்கும் ஏசி பெட்டியையும் சேர்த்து அளந்த உயரமாக அது இருக்க வேண்டும். கார்களுக்கென்றே போட்ட பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்ந்திருக்கும். அதனால் போனில் சாதாரண மேப்பை மட்டும் நம்பிப் போகாமல், வண்டியின் உயரத்தைக் கொடுத்தால் அதற்கேற்ப வழி சொல்லும் ஆப் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளின் இருக்கை விஷயத்தை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆர்.வி.க்குள் நிறைய இருக்கைகள் இருந்தாலும் குழந்தை சீட் மாட்டக்கூடியவை மிகச் சிலவே. சாப்பாட்டு மேஜையை ஒட்டிய இரண்டு பெஞ்சுகளில் ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் இருக்கும். பின்னோக்கிய பெஞ்சிலோ பக்கவாட்டு சோபாவிலோ கார் சீட்டை மாட்டக் கூடாது. முன்னோக்கிய பெஞ்சில் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். என் மகனுடையது ஐந்து வார் கொண்ட சீட் என்பதால் இடுப்பு பெல்ட்டில் மாட்டலாம். மகளுடையது உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் சீட். அதற்குத் தோள் பெல்ட் இல்லாமல் முடியாது. தோள் பெல்ட் இருக்கிற வண்டிதான் வேண்டும் என்று கேட்டு, அந்த இருக்கையின் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே முன்பணம் கட்டினோம். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடமாடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. வண்டியிலேயே பாத்ரூம் இருக்கிறதே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். "அப்ப ஓடும்போது போகக் கூடாதுன்னா அது எதுக்கு?" என்று கேட்டார். ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தியதும் பயன்படுத்தலாம் அம்மா, மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம் என்றேன். போகப்போக அதுவே அவருக்கு மிகவும் பிடித்த வசதியாகிவிட்டது.

வண்டியை ஒப்படைக்கும்போது அரைமணி நேரம் எல்லாவற்றையும் காட்டிச் சொல்வார்கள். அதை முழுக்க வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த கழிவுநீர்க் குழாயில் ஓர் இடத்தில் கீறல் இருந்தது. கணவர் அங்கேயே அதில் நல்ல தண்ணீர் விட்டுப் பார்த்ததால் தெரிந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கீறலை இரவில், காம்ப்கிரவுண்டில், டேங்க் திறந்த பிறகு கண்டுபிடிப்பதை நினைத்தாலே குமட்டுகிறது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் கேபிள் மூன்றையும் வாடகைக் கடை வாசலிலேயே சோதித்துவிட வேண்டும்.

இனி வழி. நியூ ஜெர்ஸியிலிருந்து வாஷிங்டனுக்கு 95-ஆம் நெடுஞ்சாலை. டெலவேர் மெமோரியல் பாலத்தைத் தாண்டினால் டெலவேர், அப்புறம் மேரிலாந்து. காரில் எத்தனையோ பேர் போய் வந்திருப்பீர்கள். ஆர்.வி.யில் போகும்போது பால்டிமோரில் கவனம் வேண்டும். அங்கே துறைமுகத்துக்கு அடியில் இரண்டு சுரங்கப்பாதைகள், 95-இல் ஃபோர்ட் மெக்ஹென்றி, 895-இல் ஹார்பர் டனல். இரண்டிலும் 10 பவுண்டுக்கு மேல் கொள்ளளவுள்ள புரொபேன் கேஸ் சிலிண்டரோடு போகத் தடை. ஆர்.வி.யின் அடுப்பும் ஃபிரிட்ஜும் ஓடுவது புரொபேனில்தான், டேங்கின் அளவு அதைவிடப் பெரியது. வால்வை மூடிவைத்தாலும் போகக் கூடாது. முன்பெல்லாம் ஆர்.வி.க்காரர்கள் 695 சுற்றுச்சாலையில் ஏறி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகத் துறைமுகத்தைத் தாண்டுவார்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. அப்போது பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். புதுப் பாலம் வருகிறவரை 695-இன் மேற்குப் பக்கமாக, டவுசன் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போவதுதான் வழி. பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் கீ பாலத்தையே போட்டிருக்கிறார்கள். அதை நம்பிக் கிளம்பினால் சுரங்கத்துக்கு முன்னால் வந்து முழிக்க வேண்டியிருக்கும். காலை அல்லது மாலை அலுவலக நேரத்தில் அந்த மேற்குச் சுற்றில் மாட்டிக்கொள்ளாமல் பதினோரு மணிவாக்கில் பால்டிமோரை எட்டும்படி கிளம்புங்கள். நியூயார்க் பக்கம் போகிறவர்களும் ஹாலண்ட், லிங்கன் சுரங்கங்களில் புரொபேன் விதி என்ன என்று பார்த்துவிட்டே வழியை முடிவு செய்ய வேண்டும்.

வாஷிங்டனைச் சுற்றி ஆர்.வி. நிறுத்த இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஒன்று கிரீன்பெல்ட் பார்க். தேசியப் பூங்காத் துறை நடத்துவது, காட்டுக்குள் இருப்பது, வாடகை குறைவு. ஆனால் இடத்துக்கு இடம் கரண்ட், தண்ணீர் இணைப்பு கிடையாது. ஜூலை வெயிலில் ஏசி இல்லாமல் அம்மாவையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு அது சரிப்படாது. இன்னொன்று காலேஜ் பார்க்கில் உள்ள செர்ரி ஹில் பார்க். தனியார் இடம், வாடகை கூடுதல், ஆனால் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் வண்டி நிற்கும் இடத்திலேயே இருக்கின்றன. நீச்சல் குளமும் உண்டு. நாங்கள் அங்கேதான் நின்றோம். புல்-த்ரூ இடம் கேட்டு வாங்கினோம். ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடம் அது, ரிவர்ஸ் எடுக்கிற வேலையே இல்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

கரண்ட் கணக்கு தெரியாவிட்டால் நம்மூர் சமையல் நடக்காது. எங்கள் வண்டி 30 ஆம்பியர், 120 வோல்ட். மொத்தம் 3600 வாட். கூரை ஏசி ஓடினாலே ஏறத்தாழ 13 ஆம்பியர் போய்விடும். இன்ஸ்டன்ட் பாட் என்ற கரண்ட் குக்கர் 9 ஆம்பியர், மைக்ரோவேவ் 12, 13. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். ஓஹையோவிலிருந்து வந்து பக்கத்து இடத்தில் நின்ற ஒரு பெரியவர் இதற்கு வழி சொன்னார். வண்டியை மாட்டுகிற மின்கம்பத்தில் 30, 50 ஆம்பியர் சாக்கெட்டுகளோடு தனியாக 20 ஆம்பியர் சாக்கெட் ஒன்றும் இருக்கிறது. வெளியில் பயன்படுத்தும் கனமான எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை அதில் மாட்டி, பிக்னிக் மேஜையில் இன்ஸ்டன்ட் பாட்டையோ இண்டக்ஷன் அடுப்பையோ வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஏசி பாட்டுக்கு ஓடும். அன்றிலிருந்து எங்கள் சமையல்கட்டு வெளியே மரத்தடிக்கு வந்துவிட்டது.

வெளியே சமைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.வி.க்குள் தாளிக்க முடியாது. எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் போட்ட அடுத்த நிமிடம் புகை அலாரம் அலறும். அது இருக்கிற இடம் படுக்கைக்கு நாலடி தூரத்தில். தூங்குகிற பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்ளும். அந்த அலாரத்தைக் கழற்றிவைக்கிற எண்ணமே வரக் கூடாது. புகை, கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு, மூன்றையும் கண்டு சொல்லுகிற கருவிகள் அந்தச் சின்ன இடத்தில் உயிர் காக்கிறவை. அம்மா புளிக்காய்ச்சலையும் பருப்புப் பொடியையும் எடிசனிலேயே செய்து பாட்டிலில் அடைத்துக்கொண்டார். மாவு ஃபிரிட்ஜில். காலையில் வெளியே இட்லி ஊற்றுவோம், மிச்சம் இருக்கிற சாதத்தில் தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொள்வோம். பாத்திரம் கழுவும் சிங்க்கில் சாதப் பருக்கையோ சாம்பார் வண்டலோ போகக் கூடாது. கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்கில் அது ஊறினால் மறுநாள் வண்டி முழுக்க நாறும். தட்டுகளைப் பேப்பரில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவது என்பதில் அம்மா எங்களைவிடக் கண்டிப்பு.

சரி, ஊருக்குள் போவோம். பஸ்ஸில் காலேஜ் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மெட்ரோவின் கிரீன் லைன். பஸ் எண்களும் வழித்தடங்களும் 2025 ஜூன் கடைசியில் மொத்தமாக மாறிவிட்டன. பழைய எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளியைச் சுற்றி ஓடிய சர்க்குலேட்டர் பஸ்ஸும் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மெட்ரோவில் டிக்கெட் இல்லை. ரயிலிலும் ஸ்டேஷனிலும் எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது என்பது விதி. பசியோடு ஏற்றினால் பிள்ளை அழும், அதனால் பஸ் ஏறும் முன்பே ஒரு வாழைப்பழமாவது கொடுத்துவிடுவேன். ரயில் வரும்போது பிளாட்பாரத்தின் ஓரத்தில் பதித்த விளக்குகள் மினுக்மினுக்கென்று எரியும். என் மகனுக்கு வாஷிங்டனில் பிடித்தது எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான்.

அம்மாவுக்கு மடக்குகிற சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி ஆர்.வி.யின் அடிப்பெட்டியில் போட்டிருந்தோம். ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தும் அருங்காட்சியகங்களிலும் உள்ளே பயன்படுத்த இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் ஸ்டேஷனிலிருந்து அங்கே போகிற தூரத்துக்கு நம்முடையதுதான் உதவும். "எனக்கென்ன, நடக்க முடியாதா?" என்று முதலில் அம்மா மறுத்துவிட்டார். "ஆச்சி, நான் தள்ளுறேன்" என்று பேத்தி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். மெட்ரோ ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. ஆனால் ஏதாவது ஒன்று பழுதாக இருக்கக்கூடும், அதையும் காலையிலேயே போனில் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்மித்சோனியன் எல்லாமே இலவசம் என்பதால் ஒரே நாளில் மூன்று பார்த்துவிடலாம் என்று ஆசை வரும். பிள்ளைகளோடு அது வேண்டாம். நாளுக்கு ஒன்று, அதுவும் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது போய் ஒரு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். இலவசம் என்பதில் இருக்கிற பெரிய வசதியே அதுதான். பாதியில் கிளம்பினாலும் கொடுத்த காசு வீணாயிற்றே என்ற எண்ணம் வராது. மால் புல்வெளியில் மரநிழலாகப் பார்த்து உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் இரண்டரை மணிக்கெல்லாம் சின்னவன் கட்டிலில். வாஷிங்டனின் கோடை நம்மூர் கடற்கரைப் புழுக்கத்துக்குக் குறைந்ததில்லை, மத்தியானத்துக்கு மேல் இடி மழையும் கொட்டும். அந்த நேரத்தில் ஏசிக்கு அடியில் தூங்கி எழுந்து, நீச்சல் குளத்தில் குதித்துவிட்டு, தெம்பு இருந்தால் மாலையில் மறுபடி ஊருக்குள் போவோம். இல்லையென்றால் அங்கேயே மரத்தடியில் தோசை.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஆர்க்கைவ்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும், முன்பதிவு வேண்டாம். விமானம், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த இலவச பாஸ் வேண்டும். வார இறுதிக்கான பாஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், அன்றன்று காலையிலும் கொஞ்சம் விடுகிறார்கள். அங்கே ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த அதே விமானம் இருக்கிறது, அப்போலோ 11-இல் மூவரும் திரும்பி வந்த கொலம்பியா கலமும் இருக்கிறது. கொலம்பியா எவ்வளவு சின்னது என்று பார்த்ததும், "நம்ம ஆர்.வி. இதவிடப் பெருசு" என்றாள் மகள்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டி. ரெக்ஸ் டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று ட்ரைசெராடாப்ஸ் டைனோசரின் தலையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. சின்னவனை அங்கிருந்து நகர்த்தவே முடியவில்லை. அம்மா நகராமல் நின்றது ஹோப் வைரத்தின் முன்னால். 45.52 காரட், நீல நிறம். கோல்கொண்டா ராஜ்ஜியத்தின் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிறது. டவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் இந்தியாவிலிருந்து கொண்டுபோய்ப் பதினான்காம் லூயிக்கு விற்றார். அதன் பழைய கதையைவிட, 1958-இல் அது இங்கே வந்துசேர்ந்த விதம்தான் அம்மாவை அசர வைத்தது. நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் நியூயார்க்கிலிருந்து அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். தபால் செலவு 2 டாலர் 44 சென்ட். இன்ஷூரன்ஸோடு சேர்த்து 145 டாலர் 29 சென்ட். நான் போனில் படித்துக் காட்டியதும் அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "ரிஜிஸ்டர் தபால்னா கைக்குக் கை கையெழுத்து வாங்கித்தான் போகும். அதவிடப் பத்திரம் வேற என்ன இருக்கு?" என்றார்.

அந்த வைரம் வந்த உறை தேசியத் தபால் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பட்டியலில் அந்த இடமே இல்லை. மறுநாள் மிருகக்காட்சிசாலைத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே போனோம். இதுவும் ஸ்மித்சோனியன்தான், யூனியன் ஸ்டேஷனை ஒட்டிய பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. கிரீன் லைனில் ஃபோர்ட் டாட்டன் வந்து ரெட் லைனுக்கு மாறினால் வாசலிலேயே இறங்கலாம். மால் பக்கத்துக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. நடுக்கூடத்தில் பழைய தபால் விமானங்கள் தொங்குகின்றன. பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது. ஓனி என்ற நாயின் பதப்படுத்திய உடலை வைத்திருக்கிறார்கள். 1888 வாக்கில் ஆல்பனி தபால் நிலையத்தில் ஒட்டிக்கொண்டு, தபால் ரயில்களில் நாடு முழுக்கச் சுற்றிய நாய் அது. போன ஊரிலெல்லாம் அதற்கு ஒரு அடையாள வில்லை மாட்டிவிட்டிருக்கிறார்கள், மார்புக் கவசம் முழுக்க அவைதான். பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஊர்ப் பெயர் படித்தார்கள்.

ரயில் தபால் பெட்டி ஒன்றை உள்ளே நுழைந்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடிதம் பிரிக்கிற மரக் கட்டங்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, வலியைப் பார்க்காமல் உள்ளே போய், பேத்தியின் கையைப் பிடித்து ஒரு கட்டத்துக்குள் வைத்தார். "ஏட்டி, இந்தக் கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு ஊரு. விலாசத்த வாசிக்குற கண்ணு ஒரு பக்கம், போடுற கை ஒரு பக்கம் போய்க்கிட்டே இருக்கணும். நம்ம ஊர்லயும் ஆர்.எம்.எஸ்.காரங்க ராத்திரி பூரா ரயில்லயே நின்னுக்கிட்டுப் பிரிப்பாங்க." ஆச்சி என்ன வேலை பார்த்தார் என்பது என் மகளுக்கு அன்றுதான் புரிந்தது. ஸ்டாம்ப் கூடத்தில் பிள்ளைகள் தாங்களே தேடிச் சில ஸ்டாம்புகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மகள் இந்திய ஸ்டாம்ப் கிடைக்குமா என்று குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள், ஆச்சி கூட உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வருகிற பெரியவர் என்ன வேலை பார்த்தவர், எதில் ஆர்வம் உள்ளவர் என்று யோசித்து அவருக்காக ஓர் இடத்தைப் பயணத்தில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போகும். அங்கே கதை சொல்ல ஆள் கூடவே இருக்கிறாரே.

நினைவுச்சின்னங்களை மாலையில் பாருங்கள். நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலிலிருந்து லிங்கன் நினைவகம்வரை ஏறத்தாழ இரண்டு மைல், பகல் வெயிலில் பிள்ளைகளை நடத்த முடியாது. நாங்கள் ஸ்மித்சோனியன் ஸ்டேஷனில் இறங்கி வாஷிங்டன் நினைவுத்தூண், இரண்டாம் உலகப்போர் நினைவிடம், நீண்ட குளத்தின் ஓரம் என்று நிதானமாகப் போனோம். 555 அடித் தூணில் 150 அடிக்கு மேல் கல்லின் நிறம் மாறுவதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1854-இல் பணமில்லாமல் வேலை நின்று, 1879-இல் வேறு சுரங்கத்துக் கல்லில் தொடர்ந்ததன் அடையாளம் அது. லிங்கன் நினைவகம் இரவும் பகலும் திறந்திருக்கும். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படியில் அதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மகள் பள்ளியில் படித்தது அது. தேடிப் பிடித்து அதன் மேல் நின்றாள்.

மிருகக்காட்சிசாலையும் இலவசம்தான், ஆனால் நுழைவு பாஸை முன்கூட்டி எடுக்க வேண்டும். ரெட் லைனில் உட்லி பார்க்கில் இறங்கினால் ஏற்றம். ஒரு ஸ்டேஷன் தள்ளி கிளீவ்லேண்ட் பார்க்கில் இறங்கி நடப்பது முழங்காலுக்கு நல்லது. திரும்பும்போது உட்லி பார்க்குக்கு இறக்கமாகவே வந்துவிடலாம். உள்ளேயும் பாதை சரிவாக இறங்கிக்கொண்டே போகும். போன அளவு திரும்ப ஏற வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் சீனாவிலிருந்து வந்த பாவோ லி, சிங் பாவோ என்ற பாண்டாக்கள் இருக்கும் இடம் மேலேயே இருப்பதால் எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கிளம்பும் நாளின் வேலைகள். கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கின் வால்வைத் தங்கும் நாளெல்லாம் மூடியே வைத்திருக்க வேண்டும். இணைப்பு இருக்கிறதே என்று திறந்துவைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் தங்கி இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் முதலில் பிளாக் டேங்க், அது காலியானதும் கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ரப்பர் கையுறை ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். குடிதண்ணீர்க் குழாயைத் தொடுகிற கையுறையும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஒருவர் தண்ணீர், மற்றவர் கழிவு என்று ஆளைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடை உள்ளே இழுப்பது, கூரை ஜன்னலை மூடுவது, ஃபிரிட்ஜ் கதவைப் பூட்டுவது, கரண்ட் கேபிளைக் கழற்றுவது எல்லாவற்றையும் மகள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து டிக் போட்டாள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒன்றைக்கூட விட மாட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் போவதானால் காம்ப்கிரவுண்டை நாலைந்து மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். வண்டி அதற்கு அப்புறம்கூடக் கிடைக்கும், இணைப்புள்ள புல்-த்ரூ இடம் கிடைக்காது. செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் கூட்டம் இன்னும் அதிகம், இரவில் குளிரும். என்னைக் கேட்டால் அக்டோபர் நல்ல மாதம். புழுக்கம் போயிருக்கும், இலைகள் நிறம் மாறியிருக்கும், ஏசி வேண்டியிருக்காது என்பதால் மைக்ரோவேவும் இன்ஸ்டன்ட் பாட்டும் சேர்ந்தே ஓடும்.